கேட் வரைக்கும்தான் காப்பீடு

ஓரிக்கைக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று காஞ்சிபுரத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள்.

திருவெஃகாவில் திருமழிசை ஆழ்வார் இருந்த இடத்தை ஒரு கிழவி தினமும் பெருக்கி, மெழுகி, கோலம் போட்டு வந்தாள். மனம் குளிர்ந்த ஆழ்வார், "என்ன வேண்டும், கேள்" என்றார். இளமை வேண்டும் என்றாள். கிடைத்தது. அந்த அழகில் மயங்கிய பல்லவ ராஜா அவளைக் கல்யாணம் செய்துகொண்டான். வருஷங்கள் ஓடின. ராஜாவுக்கு வயசாகிறது, ராணிக்கு ஆகவில்லை. தனக்கும் இளமை வேண்டும், உன் குருவை அழைத்து வா என்று ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனை ராஜா அதட்டினான். அவர் மறுத்ததும் ஊரை விட்டுப் போகச் சொன்னான். சீடர் கிளம்பினார். கூடவே ஆழ்வாரும் கிளம்பினார். ஆழ்வார் கூப்பிட்டதும் பெருமாளும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். மூன்று பேரும் ஓர் இரவு தங்கிய இடம்தான் ஓரிரவிருக்கை, நாளடைவில் ஓரிக்கை. ராஜா ஓடி வந்து மன்னிப்புக் கேட்க, எல்லோரும் திரும்பிப் போனார்கள். சொன்னபடி கேட்டதால் பெருமாளுக்கு 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர்.

கதையில் ஆழ்வாருக்குப் பெயர் இருக்கிறது. சீடருக்கு இருக்கிறது. பெருமாளுக்குப் புதுப்பெயரே கிடைத்துவிட்டது. ஆனால், தினமும் பணிவிடை செய்து இந்தக் கதையையே தொடங்கிவைத்த அந்தக் கிழவியின் பெயர் என்ன? ஊரில் நான்கு பேரைக் கேட்டுவிட்டேன். தெரியாது என்றார்கள்.

போன மாதம் ஓரிக்கைக்குப் போனது கோயில் பார்க்க அல்ல. என்னோடு பி.காம். படித்த நண்பனின் அம்மாவைப் பார்க்கப் போனேன். படித்து முடித்ததும் நான் பேனா பிடித்தேன், அவன் அப்பாவின் தறியில் உட்கார்ந்தான். பாலாற்றுப் பக்கம் வீடு. வாசலில் நின்றாலே தறிச் சத்தம் கேட்கும். அன்றைக்குக் கேட்கவில்லை.

அம்மாவுக்கு 73 வயசு. பாத்ரூமில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டினார்கள். 11 நாள் படுக்கை, ஆபரேஷன், உள்ளே வைத்த பிளேட், மருந்து, சாப்பாடு எல்லாம் அட்டையிலேயே முடிந்தது.

"பொய் சொல்லக் கூடாது அண்ணா, ஆஸ்பத்திரில ஒரு பைசா வாங்கலை. வீட்டுக்கு வந்தப்புறம்தான் செலவே ஆரம்பிச்சுது" என்றார் நண்பனின் மனைவி.

டிஸ்சார்ஜ் சீட்டைக் காட்டினார். பிசியோதெரபி தேவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும், முதுகும் குதிகாலும் ஈரமில்லாமல் பார்த்துக்கொள்ளவும் என்று நான்கு வரியில் எழுதியிருந்தார்கள். எல்லாம் சரியான வைத்தியம். யார் திருப்பிப் படுக்க வைப்பது என்பது மட்டும் அதில் இல்லை. அதை எழுத வேண்டிய அவசியமும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே, மருமகள் என்று ஒருத்தி இருக்கிறாளே!

அந்த மருமகள் சும்மா இருந்தவர் அல்ல. நெய்வது கோர்வைப் புடவை. உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்கிறவர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், மறுபக்கத்துக் கரை நாடாவைப் போட இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். இருபது வருஷமாக அந்த இன்னொருவர் இவர்தான். மாமியார் படுத்ததும் இவர் தறியை விட்டு எழுந்தார். ஒரு ஆள் எழுந்தால் கோர்வைத் தறி நின்றுவிடும். மாதம் இரண்டு புடவை இறங்கிய வீட்டில் முதல் மாதம் ஒன்றுகூட இறங்கவில்லை.

ஏஜென்சியில் கேட்டிருக்கிறார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை 12 மணி நேரம் ஆள் வர 800 ரூபாய். மாதத்துக்கு 24,000. ஒன்பது நாள் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் பகலில் மருமகள், ராத்திரி மகன். இருவரும் கண்ணயர்ந்த சில ராத்திரிகளில் அம்மாவைத் திருப்பிப் போட ஆளில்லை. ஆறாவது வாரம் முதுகில் படுக்கைப் புண். பிறகு மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் அட்டை. புண்ணைச் சுத்தம் செய்ய, மருந்து போட, படுக்கைக்கு எல்லாவற்றுக்கும் காப்பீடு பணம் கொடுத்தது.

பி.காம். படித்த மூளைக்கு இந்த இடத்தில்தான் கணக்கு இடித்தது. புண் வந்தால் பணம் உண்டு. புண் வராமல் பார்த்துக்கொள்ளும் இரண்டு கைகளுக்குக் காசு கிடையாது. எந்தக் கம்பெனி இப்படிக் கணக்கு எழுதினாலும் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

இதில் ஆஸ்பத்திரி மீதோ காப்பீட்டுக் கம்பெனி மீதோ எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் சொன்னவண்ணம் செய்தவர்கள். சொன்னதில்தான் கோளாறு. விதியைப் படித்துப் பார்ப்போம்.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2018-ல் அது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் ரூபாய் வரை என்றானது. எத்தனையோ ஏழை வீடுகளைக் கந்துவட்டியிலிருந்து காப்பாற்றிய திட்டங்கள் இவை. குறை சொல்வதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட வேண்டும்.

ஆனால், எல்லாவற்றுக்கும் அடிப்படை ஆஸ்பத்திரிப் படுக்கை. ஆயுஷ்மான் பாரத்தில் படுக்கையில் சேர்வதற்கு முந்தைய 3 நாளும், வீடு திரும்பிய பிறகு 15 நாளும் மருந்து, பரிசோதனைச் செலவு உண்டு. கவனியுங்கள், மருந்தும் பரிசோதனையும்தான். ஆள் இல்லை. 2024 அக்டோபர் 29 அன்று, 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இந்தக் காப்பீடு என்று மத்திய அரசு தொடங்கியது. எழுபது வயசுக்கு மேல் ஒருவருக்கு எது அதிகம் தேவைப்படும்? ஆபரேஷன் ஒருமுறை. கைத்தாங்கல் தினமும். திட்டம் ஆபரேஷனைத்தான் பார்க்கிறது.

நெசவாளர்களுக்கு என்று தனியாகவே ஒரு காப்பீடு இருந்தது. 2005-ல் மத்திய ஜவுளித் துறை தொடங்கிய திட்டம். குடும்பத்துக்கு வருஷம் 15,000 ரூபாய். அதில் வெளிநோயாளி சிகிச்சைக்கு 7,500. கண்ணாடி வாங்க 250 ரூபாய் கூட இருந்தது. தறிக்காரனுக்குக் கண்தான் முதலில் போகும் என்று தெரிந்த யாரோ எழுதியிருக்க வேண்டும். அதே பட்டியலில் 'டொமிசிலியரி ஹாஸ்பிடலைசேஷன்' என்று ஒரு வரி. அதற்கு 4,000 ரூபாய். ஆகா, வீட்டுப் பராமரிப்புக்கும் பணம் வைத்திருந்தார்களே என்று துள்ளாதீர்கள். காப்பீட்டு அகராதியில் இதற்கு அர்த்தம் வேறு. ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆகவேண்டிய நோயாளியை நகர்த்த முடியவில்லை, அல்லது அங்கே இடம் இல்லை. அதனால் அதே சிகிச்சையை வீட்டில் தருகிறார்கள் என்றால்தான் அது டொமிசிலியரி. அதாவது வீடு தற்காலிக ஆஸ்பத்திரியாக மாறினால் காசு உண்டு. வீடு வீடாகவே இருந்தால் கிடையாது. அந்தத் திட்டமும் பிறகு பொதுத் திட்டங்களில் கரைந்துவிட்டது.

'நமக்கென்ன, நாம் சொந்தமாக பிரீமியம் கட்டுகிறோம்' என்று நினைக்கும் வாசகர்கள், பீரோவில் இருக்கும் பாலிசியைக் கொஞ்சம் எடுங்கள். எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பக்கத்துக்குப் போங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக வரையறுத்த விலக்குகளில் ஐந்தாம் எண், ஓய்வும் மறுவாழ்வும் பற்றியது. குளிப்பது, உடுத்துவது, நடமாடுவது போன்ற அன்றாட வேலைகளுக்கு உதவி செய்யும் செலவு, வீட்டில் ஆனாலும் விடுதியில் ஆனாலும், செய்பவர் நர்ஸ் ஆனாலும் சாதாரண ஆள் ஆனாலும், கிடையாது என்பது அதன் சாரம். எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும். ஒரு சந்து பொந்து விடவில்லை. ஒரு மனுஷனுக்கு முதுமையில் என்னென்ன வேண்டும் என்று அழகாகப் பட்டியல் போட்டு, கீழே 'இதெல்லாம் கிடையாது' என்று முடித்திருக்கிறார்கள்.

சரி, இந்த நாட்டில் உதவியாளர் செலவு என்பதே யாருக்கும் தெரியாத விஷயமா? நன்றாகத் தெரியும். பணியில் நேர்ந்த பாதிப்பால் 100 சதவீதம் முடங்கி ஓய்வுபெறும் மத்திய அரசு ஊழியருக்கு, கூடவே ஒரு ஆள் வேண்டும் என்றால், அதற்கென்று படி உண்டு. 2017 ஜூலையில் அது மாதம் 6,750 ரூபாயாக உயர்ந்தது. கோர்ட்டுக்கும் தெரியும். சாலை விபத்தில் 12 வயதில் முடங்கிப்போன ஒரு சிறுமியின் வழக்கில், 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உதவியாளர் செலவைத் தனியாகவே கணக்கிட்டது. இரண்டு உதவியாளர்கள், ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், அதை 18 வருஷத்தால் பெருக்கி 21 லட்சத்து 60 ஆயிரம். இப்படித் தீர்ப்பாகும் தொகையைக் கட்டுவது வண்டியின் காப்பீடு.

ஆக, லாரி மோதி முடங்கினால் உதவியாளருக்குக் காசு உண்டு. பாத்ரூமில் வழுக்கி முடங்கினால் கிடையாது. ஓரிக்கை அம்மா செய்த ஒரே தப்பு, ரோட்டில் விழாமல் வீட்டில் விழுந்ததுதான்.

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடு மெடிகேர். 1965-ல் சட்டமானது. வீட்டுக்கு உதவியாளரை அனுப்பிக் குளிப்பாட்டவும் உடுத்தவும் அதில் பணம் உண்டு. ஆனால், நிபந்தனைகளைக் கேளுங்கள். நோயாளி வீட்டை விட்டுச் சுலபமாக வெளியே போக முடியாதவராக இருக்க வேண்டும். நர்ஸோ பிசியோதெரபிஸ்ட்டோ வர வேண்டிய தேவையும் இருக்க வேண்டும். நர்ஸும் உதவியாளரும் சேர்ந்து பொதுவாக வாரம் 28 மணி நேரம்தான். நர்ஸ் தேவை முடிந்தால் உதவியாளரும் கிளம்பிவிடுவார். குளிப்பாட்ட மட்டும் ஆள் வேண்டும் என்றால் அது மெடிகேர் வேலை இல்லை. உதவியாளர் நர்ஸின் வால் மாதிரி. தலை போனால் வாலும் போகும்.

வீட்டை விட்டு வெளியே போகாதவர் என்பதற்கு அவர்களே ஒரு விலக்கும் வைத்திருக்கிறார்கள். எப்போதாவது முடிவெட்டிக்கொள்ளப் போகலாம். வழிபாட்டுக்குப் போகலாம், தப்பில்லை. காஞ்சிபுரத்துக்கு ஏற்ற விதி. சக்கர நாற்காலியில் வரதரைப் பார்த்துவிட்டு வந்தாலும் உதவியாளரை நிறுத்த மாட்டார்கள்!

அங்கேயும் ஒரு சண்டை நடந்தது. நோயாளிக்கு முன்னேற்றம் இல்லை, அதனால் சேவையை நிறுத்துகிறோம் என்று பலருக்கு மறுத்தார்கள். வழக்குப் போட்டார்கள். 2013 ஜனவரியில் சமரசத் தீர்வு வந்தது. முன்னேற வேண்டும் என்பது நிபந்தனை அல்ல, இருக்கிற நிலை மோசமாகாமல் காப்பதும் பராமரிப்புதான் என்று அரசே ஒப்புக்கொண்டது. படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வதும் வைத்தியம்தான் என்று இதற்கு அர்த்தம்.

ஜெர்மனியும் ஜப்பானும் ஆஸ்பத்திரிக் காப்பீட்டோடு ஒட்டவைக்காமல், பராமரிப்புக்கு என்றே தனிக் காப்பீடு தொடங்கிவிட்டன. ஜெர்மனி 1995-ல். ஜப்பான் 2000 ஏப்ரலில். ஜெர்மனியில் ஆளையும் கேட்கலாம், பணமாகவும் கேட்கலாம். அந்தப் பணத்தை வீட்டில் பார்த்துக்கொள்ளும் மகளுக்கோ மருமகளுக்கோ தரலாம். ஜப்பானில் சேவை மட்டும்தான், பணம் கிடையாது. அங்கே 40 வயசிலிருந்தே எல்லோரும் பிரீமியம் கட்டுகிறார்கள்.

பணம் ஏன் கிடையாது? அங்கே பெண்கள் அமைப்புகளே எதிர்த்தன. பணமாகக் கொடுத்தால், 'அதான் காசு வருதே, நீயே பார்த்துக்கோ' என்று மருமகளை மாமியார் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுவார்கள் என்றார்கள். இதைப் படித்தபோது ஜப்பான் தூரத்து நாடாகத் தெரியவில்லை. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பது மாதிரி இருந்தது.

ஓரிக்கை மருமகளிடமே கேட்டேன். "மாசம் இவ்வளவுன்னு பணம் குடுத்தா நல்லதா, இல்ல ஆள் அனுப்பினா நல்லதா?"

அவர் யோசிக்கவே இல்லை. "ஆள் அனுப்பச் சொல்லுங்க அண்ணா. பணம் குடுத்தா அது இன்னொரு கடனுக்குப் போயிடும். காலைல ரெண்டு மணி நேரம், சாயந்திரம் ரெண்டு மணி நேரம் ஒருத்தர் வந்தாப் போதும். அத்தையைக் குளிப்பாட்டி, துணி மாத்தி, நாலு அடி நடக்க வச்சிட்டாங்கன்னா நான் தறில உக்காந்துடுவேன். எங்களுக்குக் காசு குடுக்க வேணாம், தறி குடுக்கும்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல். "அவளைச் சொல்லாதப்பா, அவ நல்லாத்தான் பாத்துக்கறா." யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால், படுத்திருப்பவருக்கு எப்போதும் அந்தப் பயம் இருக்கிறது. தன்னால் தறி நின்றுபோனது அவருக்கும் தெரியும். இருபது வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டுத் தூங்கியவர்.

இங்கே ஒன்றும் நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நல்ல திட்டம். பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. பிசியோதெரபியும், நோயின் வலி தணிக்கும் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். அரசாங்கம் வாசற்படி ஏறிவிட்டது என்பதே பெரிய விஷயம். ஆனால், வருகிறவர் வைத்தியம் பார்த்துவிட்டுப் போவார். காலையில் எழுந்ததும் பாயை மாற்றுவது அவர் வேலை அல்ல. கேரளாவில் படுக்கையில் கிடப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 600 ரூபாய் என்று ஆஸ்வாசகிரணம் திட்டம் போட்டார்கள். தொகை சின்னது. ஆனால், பார்த்துக்கொள்பவர் என்று ஒரு ஆள் இருக்கிறார் என்று அரசுக் காகிதத்தில் எழுதினார்களே, அது பெரிசு. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் பராமரிப்பாளர் படி என்று ஒரு வரி இருக்கிறது.

'இதையெல்லாம் காப்பீட்டில் சேர்த்தால் கஜானா தாங்குமா? ஊரில் பாதிப் பேர் எங்கள் வீட்டுக்கும் ஆள் அனுப்பு என்று வந்துவிட மாட்டார்களா?' நியாயமான கேள்வி. அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன். எனக்குத் தோன்றும் விதி மூன்றே மூன்று.

ஒன்று: எல்லோருக்கும் அல்ல, எப்போதைக்கும் அல்ல. காப்பீட்டில் ஆபரேஷன் ஆகி அல்லது பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்புகிறவருக்கு முதல் 90 நாள். புதுசாகப் பணம்கூட வேண்டாம். அந்த 5 லட்சத்துக்குள்ளேயே ஒரு பகுதியை வீட்டுப் பராமரிப்புக்கு ஒதுக்கட்டும்.

இரண்டு: தேவையை முடிவு செய்வது நோயின் பெயர் அல்ல. குளிக்க, உடுத்த, சாப்பிட, எழுந்து நடக்க, கழிவறை போக இவற்றில் எத்தனைக்கு அடுத்தவர் கை வேண்டும் என்று பகுதி சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதட்டும். ஆணையம் ஏற்கெனவே பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. மேலே இருக்கும் 'கிடையாது'வை 'உண்டு' என்று மாற்றினால் போதும்.

மூன்று: வருகிற உதவியாளருக்குப் பயிற்சி, சான்றிதழ், குறைந்தபட்சக் கூலி, அவருக்கும் ஒரு காப்பீட்டு அட்டை. இல்லாவிட்டால் ஒரு மருமகளின் முதுகுவலியை இன்னொரு வீட்டு மருமகளுக்கு மாற்றிய கதையாகிவிடும். அந்த 800 ரூபாயில் ஏஜென்சிக்கு எவ்வளவு, உங்களுக்கு எவ்வளவு என்று ஒன்பது நாள் வந்துபோன பெண்ணிடம் நண்பன் கேட்டிருக்கிறான். அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாராம்.

கிளம்பும்போது நண்பன் பஸ் ஸ்டாப் வரை வந்தான். "காலேஜ்ல அக்கவுன்டன்ஸி சார் சொன்னது ஞாபகம் இருக்காடா? ஒரு இடத்துல வரவுன்னா இன்னொரு இடத்துல பற்று இருந்தே ஆகணும்னு. ஆஸ்பத்திரில எனக்கு எல்லாம் ஃப்ரீ. அப்போ பற்று எங்கே எழுதியிருக்கு?" என்றான்.

எங்கே எழுதியிருக்கிறது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நின்றுபோன தறியில் எழுதியிருக்கிறது.

அந்தப் பெயர் தெரியாத கிழவி ஞாபகத்துக்கு வந்தாள். அவள் பணிவிடையைக் கவனித்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஆழ்வார் ஒருவராவது இருந்தார். ஓரிக்கை மருமகளை இதுவரை எந்த அரசாங்கமும் கேட்கவில்லை. கேட்டால் அவர் இளமையெல்லாம் கேட்க மாட்டார். காலையில் இரண்டு மணி நேரம், சாயந்திரம் இரண்டு மணி நேரம். அவ்வளவுதான் கேட்பார்.